மூழ்கியவர் மேலேறும் முறை



கடலுள் இறங்கி முத்தும் சங்கும் எடுத்து வரும் தொழிலை நம் மொழி 'குளித்தல்' என்றே வழங்கி வந்திருக்கிறது. முத்துக் குளித்தல் என்கிறோம். சங்கு குளித்தல் என்கிறோம். உயிரைப் பணயம் வைத்துச் செய்யும் தொழிலுக்குக் காலைவேளையில் கிணற்றடியில் செய்யும் காரியத்தின் பெயரை இட்டிருக்கிறார்களே என்று வியப்புத் தோன்றலாம். ஆயினும் அந்தப் பெயர் முற்றும் பொருத்தமற்றதன்று. பழைய முறையில் மூழ்கியவர், ஆற்றில் முங்கிக் குளிப்பவரைப் போலவே, மேலே இழுத்த ஒரு மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கினார். அந்த மூச்சு தீருமுன் ஏறி வந்தார். இடையில் வேறு காற்று அவருக்கு இல்லை.

மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் ஆழம் பெரும்பாலும் 5 முதல் 10 பாகம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல்நுனி முதல் மறு விரல்நுனி வரை உள்ள நீளம், ஏறக்குறைய ஆறடி. கயிற்றில் கட்டிய கல்லின்மீது கால் வைத்து விரைந்து இறங்குவார்கள். அடியில் ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சில விநாடிகள். கைக்கு அகப்பட்ட சிப்பியைக் கூடையில் இட்டதும் கயிற்றை அசைப்பார்கள். தோணியில் இருப்பவர் மேலே இழுத்துக்கொள்வார். ஒரு கல்லுக்கு இருவர் என முறை வைத்து, ஒருவர் மூழ்க மற்றவர் இளைப்பாறுவது வழக்கம். தூத்துக்குடியில் 1961-ஆம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டது. பார்களில் சிப்பி இல்லாமற் போனதே காரணம். சங்கு குளித்தல் மட்டும் இன்றும் நடைபெறுகிறது.

ஆனால் அதன் தன்மை மாறிவிட்டது. தூத்துக்குடிப் பகுதியில் சங்கு குளிப்போர் பலர் இப்போது மூச்சடக்கி மூழ்குவதில்லை. படகிலுள்ள இயந்திரம் அழுத்தி அனுப்பும் காற்றை நீண்ட குழாய் வழியாகச் சுவாசிக்கிறார்கள். அல்லது காற்றடைத்த உருளையை முதுகில் சுமந்து செல்கிறார்கள். ஒரு நிமிட வேலை ஒரு மணி நேர வேலையாகிவிட்டது. வருவாயும் அதற்கேற்பக் கூடியிருக்கும். முன்னோர் அறியாத ஓர் ஆபத்தும் உடன் வந்து சேர்ந்தது. இந்த ஆபத்து இறங்கும்போது இல்லை, அடியில் இருக்கும்போதும் இல்லை. மேலே ஏறும்போது இருக்கிறது. கடல் இல்லாத தில்லியில் அமர்ந்துகொண்டு கடலாழத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று கேட்கும் அன்பர்களும் இருக்கலாம். காரணம் உண்டு, அதைப் பின்னர்ச் சொல்வோம்.

முதலில் செய்தி இன்னதென்று பார்ப்போம். நம் தலைக்கு மேலே நிற்கும் காற்று மண்டலம் முழுவதும் சேர்ந்து நம்மீது ஏற்றும் அழுத்தத்தை ஒன்று எனக் கொள்வோம். கடலில் 10 மீட்டர் இறங்கினால் நீரின் எடையால் இன்னும் ஒன்று கூடி இரண்டாகிறது. 30 மீட்டரில் நான்கு. மூழ்குபவர் அங்கே சுவாசிக்கும் காற்றும் அதே அழுத்தத்தில் இருந்தாக வேண்டும்; இல்லையேல் நெஞ்சை விரித்து மூச்சை உள்ளிழுக்க இயலாது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடலுக்கு அதனால் பயனில்லை. ஆனால் அழுத்தம் கூடக்கூட அது குருதியிலும் கொழுப்பிலும் நரம்பிலும் கரைந்து தங்குகிறது. திரவத்தில் வாயு கரையும் அளவு அழுத்தத்தைப் பொறுத்தது என்பதை ஆங்கில அறிஞர் வில்லியம் ஹென்றி 1803-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

தில்லியில் 'பண்டா' என்ற பெயரில் விற்பது நம்மூர்க் கோலி சோடாவே. குண்டு அழுத்தி நிற்கும்வரை அதனுள் இருக்கும் நீர் தெளிவாகவே தோன்றும். குண்டைத் தட்டியதும் பொங்குகிறது. உள்ளே கரைந்திருந்த வாயு, மேலிருந்த அழுத்தம் சட்டென்று நீங்கியதால் குமிழியாகிறது. ஆழத்தில் நீண்ட நேரம் இருந்தவர் விரைந்து மேலேறினால் அவர் உடலில் நிகழ்வதும் இதுவே. குமிழி மூட்டில் தங்கினால் தாங்கொணா வலி. முதுகுத்தண்டின் நரம்பில் தங்கினால் இடுப்புக்குக் கீழ் உணர்வு போய்விடும். மூளையிலோ நுரையீரலிலோ மிகுதியாகச் சேர்ந்தால் உயிரே போகலாம். மெல்ல ஏறினால் கரைந்த வாயு குமிழியாகாமலே நுரையீரலுக்கு வந்து மூச்சோடு வெளியேறிவிடும். சோடாப் புட்டியின் குண்டை விரலால் இலேசாக அழுத்தி, சிறிது சிறிதாகக் காற்றை விடுகிற சிறுவனுக்கு இது தெரியும்.

பழைய முத்துக் குளிப்போருக்கு இந்த நோய் ஏன் வரவில்லை? அவர்கள் கொண்டு சென்றது ஒரு மூச்சு நைட்ரஜன் மட்டுமே. அது கரைய ஒரு நிமிடமே கிடைத்தது. பசிபிக் கடலின் துவமோட்டுத் தீவுகளில் மட்டும், இடைவெளியின்றி நாள் முழுதும் மிக ஆழத்தில் மூச்சடக்கி மூழ்கிய முத்துக் குளிப்போரிடையே மயக்கமும் வாதமும் கண்டதாகப் பதிவு உண்டு. ஒரு கல்லுக்கு இருவர் என்ற நம்மவர் ஏற்பாட்டை நினைக்கும்போது, அந்த இளைப்பாறல் வீண்போகவில்லை என்றே தோன்றுகிறது.

இந்த நோயை உலகுக்குக் காட்டியவர்கள் கடலில் மூழ்கியவர்கள் அல்லர், பாலம் கட்டியவர்கள். ஆற்றின் அடியில் கடைக்கால் தோண்டுவதற்காக, அழுத்தக் காற்றால் நீரைத் தள்ளி வைத்த பெரும் பெட்டிகளுள் தொழிலாளர் இறங்கி வேலை செய்தனர். வேலை முடிந்து வெளியே வந்தபின் கைகால் மடங்கி விழுந்தனர். நியூயார்க்கின் புரூக்லின் பாலத்தை மேற்பார்த்த பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872-இல் இந்நோயால் படுக்கையில் விழுந்தார். 1883-இல் பாலம் திறக்கப்படும்வரை அவர் மனைவி எமிலி அம்மையாரே கணவரின் ஆணைகளைக் கொண்டு சென்று வேலையை நடத்திவைத்தார். நோய்க்குக் காரணம் நைட்ரஜன் குமிழியே என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பால் பெர் 1878-இல் வெளியிட்ட பெருநூலில் நிறுவிவிட்டார். மெல்ல வெளியே வர வேண்டும் என்பதும் தெரிந்துவிட்டது. எவ்வளவு மெல்ல என்பதுதான் தெரியவில்லை.

அதைக் கணக்காக்கித் தந்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். பிரிட்டிஷ் கடற்படையின் வேண்டுகோளின்பேரில் அவர் ஆடுகளை இரும்பறையில் அடைத்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தார். ஆடு ஏன் எனின், உடல் பருமனில் மனிதனை ஓரளவு ஒத்தது. வலி வந்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும், பார்ப்பவருக்கு ஐயம் இராது. அவர் கண்டது எளிமையானது. அழுத்தம் பாதியாகும்வரை விரைவாக ஏற்றலாம், பெரும்பாலும் தீங்கில்லை. அதற்குமேல் படிப்படியாகத் தங்கித் தங்கியே ஏற்ற வேண்டும். இன்னொன்றும் கண்டார். உடல் முழுவதும் ஒரே வேகத்தில் வாயுவை ஏற்பதில்லை. குருதி மிகுதியாகப் பாயும் உறுப்பு விரைவில் நிறைந்து விரைவில் வெறுமையாகும். கொழுப்பும் மூட்டும் மெல்ல நிறைந்து மெல்லவே விடும். ஆகவே பாதி நிறைவதற்கு 5 நிமிடம், 10, 20, 40, 75 நிமிடம் ஆகும் ஐவகைத் திசுக்களாக உடலைப் பகுத்துக் கணக்கிட்டார். 1906-இல் ஸ்காட்லாந்துக் கடற்கரையில் டாமண்ட், காட்டோ என்னும் இரு கடற்படையினர் இந்தக் கணக்கை நம்பி 210 அடி, அதாவது 35 பாகம் இறங்கி நலமாக ஏறி வந்தனர். ஆய்வு 1908-இல் வெளியாயிற்று.

அதே டாமண்ட்தான் பின்னர் அயர்லாந்துக்கு அருகே 1917-இல் மூழ்கிய 'லாரெண்டிக்' கப்பலிலிருந்து பொன் எடுத்தவர். ஏறக்குறைய 22 பாக ஆழத்தில், கண்ணிவெடியால் சிதைந்து நாள்தோறும் மணலால் மூடிக்கொண்ட கப்பலுள், 1924 வரை அவர் ஆட்கள் ஆயிரக்கணக்கான முறை இறங்கினர். 3,211 பொற்கட்டிகளில் 25 மட்டுமே எஞ்சின. மனித உயிர் ஒன்றும் போகவில்லை. பொன்னைவிட இந்தக் கடைசிச் செய்தியே நமக்கு மதிப்புடையதாகப் படுகிறது.

இன்று ஆழ்கடலில் மூழ்குவதைத் தனிக் கலையாகவே பயின்றவர்கள் இருக்கிறார்கள். பழங்கப்பல்களையும் நீர்க்குகைகளையும் காணச் செல்லும் இவர்கள் எவ்வாறு திட்டமிடுகிறார்கள் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். குதுப்மினாரை நம்மில் பலர் ஊரிலிருந்து வந்த உறவினர்களுக்குக் காட்டியிருப்போம். அதன் உயரம் ஏறக்குறைய 73 மீட்டர். அந்த உயரத்தை ஆழமாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே அழுத்தம் எட்டு மடங்குக்கும் மேல். சாதாரணக் காற்றோடு அங்கே போகக் கூடாது. இரு காரணங்கள் உண்டு. நைட்ரஜன் 30 மீட்டருக்குக் கீழேயே மதுவைப் போல் மயக்கத் தொடங்குகிறது. பிராணவாயுவோ அவ்வளவு அழுத்தத்தில் நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும். நீருக்கடியில் வலிப்பு என்றால் மரணம் என்றே பொருள். ஆகவே பிராணவாயுவை ஆறில் ஒரு பங்குக்கும் கீழாகக் குறைத்து, நைட்ரஜனின் பெரும்பகுதியை நீக்கி, மயக்காத ஹீலியத்தைக் கலந்த காற்றைச் சுவாசிக்கிறார்கள்.

காற்று எவ்வளவு வேண்டும் என்பது அடுத்த கணக்கு. நிதானமாக நீந்துபவர் நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்றைச் சுவாசிப்பதாகக் கொண்டால், குதுப்மினார் ஆழத்தில் அவருக்கு ஏறத்தாழ 166 லிட்டர் வேண்டும். வழக்கமான உருளை ஒன்றில் 2,400 லிட்டர் அடங்கும். பதினான்கு நிமிடத்தில் அது தீர்ந்துவிடும்! பதற்றம் வந்து மூச்சு வாங்கினால் ஏழே நிமிடம். எனவே இரட்டை உருளைகள் முதுகில். ஏறும்போது பயன்படுத்த வேறு உருளைகள் பக்கவாட்டில். நீர்க்குகையில் செல்வோர் மூன்றில் ஒரு பங்கு காற்றில் உள்ளே போவது, மூன்றில் ஒரு பங்கில் திரும்புவது, மூன்றாவது பங்கைத் தொடாமல் வைப்பது என்று விதி வைத்திருக்கிறார்கள். அந்தக் கடைசிப் பங்கு தனக்காக மட்டுமன்று. காற்றை இழந்த தோழனுக்கும் அதுவே.

அடியில் இருபது நிமிடம் தங்கியவர் ஏறி முடிக்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். ஆங்காங்கே நிற்க வேண்டிய இடங்களுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல்லை 'நிறுத்தம்' என்று பெயர்த்தால் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. வழிநடையில் இளைப்பாறும் இடத்துக்கு நம்மிடம் 'தங்கல்' என்று ஒரு சொல் உண்டு, அதையே கொள்வோம். மூன்று மூன்று மீட்டருக்கு ஒரு தங்கல். ஆழத்திலுள்ளவை ஓரிரு நிமிடம். நீர்மட்டத்தை நெருங்க நெருங்க நீளும். கன்னாட் பிளேசுக்கு அருகிலுள்ள அக்ரசேன் பாவ்லியின் படிகளில் ஏறி வருபவர் பாதியில் மூச்சு வாங்க நிற்பார். மேற்படியை எட்டியபின் நிற்க மாட்டார். கடலில் இது தலைகீழ். நீர்மட்டத்தின் ஒளி கண்ணுக்குத் தெரியும் இடத்தில்தான் மிக நீண்ட தங்கல். படகின் அடிப்பக்கம் மேலே அசைவது தெரியும். ஆறு மீட்டர்தான் இருக்கும். ஆயினும் போகக் கூடாது. தலைக்குமேல் கண்ணுக்குப் புலனாகாத ஒரு கூரை இருப்பதாகவே அவர்கள் கருதிக்கொள்கிறார்கள்.

தங்கலைச் சுருக்கும் வழியும் உண்டு. 21 மீட்டருக்கு ஏறியதும் பாதி பிராணவாயு கொண்ட காற்றுக்கு மாறுவார்கள். 6 மீட்டரில் தூய பிராணவாயுவுக்கே மாறுவார்கள். புதிய நைட்ரஜன் உள்ளே வராததால் பழையது விரைந்து வெளியேறும். ஆனால் தவறான ஆழத்தில் தவறான உருளையை வாயில் வைத்துக்கொண்டவர் பிழைப்பது அரிது. ஆகவே ஒவ்வோர் உருளையின் மீதும், எந்த ஆழத்துக்குக் கீழே அதைத் தொடலாகாது என்று பெரிய எண்ணில் எழுதி ஒட்டுகிறார்கள். மாறும்போது தோழன் அந்த எண்ணைப் படித்துத் தலையசைத்த பின்னரே மாறுகிறார்கள்.

கணக்கிடும் வேலையை இன்று மணிக்கட்டில் கட்டிய சிறு கணிப்பொறி செய்கிறது. சூரிச் நகர மருத்துவர் ஆல்பர்ட் ப்யூல்மன், ஹால்டேனின் ஐந்து திசுக்களைப் பதினாறாக விரித்து அமைத்த கணக்கே அவற்றில் பலவற்றுள் இயங்குகிறது. ஆனாலும் தேர்ந்தவர்கள் திட்டத்தை முந்தின நாள் மேசையருகே அமர்ந்தே வகுக்கிறார்கள். இத்தனையாவது நிமிடத்தில் இந்த ஆழம் என்று ஒரு பலகையில் எழுதிக்கொள்கிறார்கள். அதன் கீழே, ஐந்து நிமிடம் தாமதித்தால் என்ன, மூன்று மீட்டர் கூடுதலாக இறங்கிவிட்டால் என்ன, பிராணவாயு உருளை கைநழுவினால் என்ன என்று தனித்தனிக் கணக்கு. கணிப்பொறி நின்றுவிட்டால் அந்தப் பலகைதான் வழிகாட்டி. கணக்கு அனுமதிக்கும் எல்லைவரை போகாமல், எல்லையில் எண்பது பங்கு அளவோடு நிற்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வாரும் பலர். கணக்கு என்பது சராசரி உடலுக்கு எழுதியது. நேற்று இரவு தூங்காத உடலுக்கும், குளிரில் விறைத்த உடலுக்கும், நீர் வற்றிய உடலுக்கும் அது அப்படியே பொருந்தாது.

கணக்குகளும் மாறாதவை அல்ல. மிக ஆழத்திலேயே முதல் தங்கல்களைத் தொடங்கினால் குமிழி பிறவாது என்றொரு கொள்கை 1990-களில் பரவியது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது. அமெரிக்கக் கடற்படையினர் இருவகையிலும் ஆட்களை ஏற்றி ஒப்பிட்டு 2011-இல் முடிவை வெளியிட்டனர். ஆழத்தில் மிகுதியாகத் தங்கியவர்களிடமே நோய் கூடுதலாகக் காணப்பட்டது. அங்கே தங்கும்போது மெல்ல நிறையும் திசுக்கள் இன்னும் நிறைந்துகொண்டிருக்கின்றன என்பதே விளக்கம்.

நம் கடற்படையும் இத்துறையில் பின்தங்கியதன்று. 1971 டிசம்பரில் விசாகப்பட்டினத்துக்கு அருகே மூழ்கிக் கிடந்த பாகிஸ்தானிய நீர்மூழ்கி 'காஜி'யை இறங்கிக் கண்டவர்கள் 'நிஸ்தார்' என்னும் கப்பலின் மூழ்குநர்கள். அதே பெயர் பூண்ட புதிய கப்பல், இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2025 ஜூலை 18-ஆம் நாள் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. நிஸ்தார் என்ற வடசொல்லுக்குக் கடத்திவிடுதல், மீட்டல் என்று பொருள். இக்கப்பலில் மூழ்குநர்கள் அழுத்த அறையிலேயே நாட்கணக்கில் உண்டு உறங்கி, மணியுருவக் கூண்டில் இறங்கி வேலை செய்து, அதே அழுத்தத்திலேயே திரும்புவார்கள். உடல் ஒருமுறை வாயுவால் முழுதும் நிறைந்துவிட்டால் அதற்குமேல் ஏற்காது. எனவே பத்து நாள் இருந்தாலும் இறுதியில் ஒரே ஒரு முறை ஏறினால் போதும். அந்த ஓர் ஏற்றத்துக்கு 30 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு நாள் வீதம் பிடிக்கும். அவர்களைக் கவனிக்க மருத்துவரும் பொறியாளரும் இரவுபகலாக விழித்திருப்பார்கள்.

இனித் தூத்துக்குடிக்குத் திரும்புவோம். அங்கே விழித்திருப்பவர் யார்? ஹால்டேன் கணக்கை வெளியிட்டு நூறாண்டுக்கு மேலாகிறது. அச்செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது; மீட்டரிலும் அடியிலும் இருக்கிறது; கட்டணம் செலுத்திப் பயிலும் வகுப்புகளில் இருக்கிறது. அதை மிகவும் வேண்டுபவரோ தம் தந்தையோடு படகேறித் தொழில் கற்றவர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதைப் பற்றிப் பேசத் துணிந்ததற்கு இதுவே காரணம். தலைநகரின் அலுவலகங்களில் எத்தனையோ விதிகளும் படிவங்களும் நாள்தோறும் மொழி மாறுகின்றன. அவற்றுள் ஒருவர் கால்களைக் காக்கக்கூடிய தாள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

வியப்பு என்னவெனில், இந்தக் கணக்கு நம் பாகத்தில் எழுதினால் மேலும் தெளிவாகிறது. அமெரிக்கக் கடற்படை 1950-களில் அச்சிட்ட அட்டவணையை எடுத்துக்கொள்வோம். 60 அடியில் 60 நிமிடம்வரை இருந்தவர் தங்கல் இன்றி ஏறலாம் என்கிறது அது. பத்துப் பாகம், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். 100 அடியில், அதாவது ஏறக்குறைய 17 பாகத்தில், 25 நிமிடமே அனுமதி. அங்கேயே ஒரு மணி நேரம் இருந்துவிட்டவர் 20 அடியில் 9 நிமிடமும் 10 அடியில் 28 நிமிடமும் காத்திருந்தாக வேண்டும். ஏறும் வேகத்தை இக்காலத்தார் நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று குறைத்திருக்கிறார்கள். நம் கணக்கில் நிமிடத்துக்கு ஐந்து பாகம். கயிற்றில் பாகத்துக்கு ஒரு முடிச்சிட்டால், ஒரு முடிச்சிலிருந்து அடுத்ததற்குப் பன்னிரண்டு விநாடி. இதைச் சொல்ல ஆங்கிலம் வேண்டியதில்லை, எழுத்தறிவும் வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. வானொலியில் கேட்ட எண்ணை நம்பி யாரும் கடலில் இறங்கிவிடலாகாது. அந்த எண்கள் அன்றைய முதல் முறைக்கு மட்டுமே உரியவை. கட்டுடல் வாய்ந்த இளங் கடற்படையினருக்காக வகுத்தவை. சங்கு குளிப்போர் ஒரே நாளில் பன்முறை இறங்குகிறார்கள். முதல் முறை கரைந்த நைட்ரஜன் மிச்சமிருக்கையிலேயே இரண்டாம் முறையின் கணக்கு தொடங்குகிறது. கடன் தீருமுன் மறுகடன் வாங்கியது போலாகும். அதற்கும் அட்டவணை உண்டு. அதைப் பயிற்றுவிப்பாரும் வேண்டும்.

இன்னொரு செய்தி நம் நெஞ்சை உறுத்துவது. மூச்சை அடக்குதல் நம் முத்துக் குளிப்போர் தலைமுறை தலைமுறையாகப் பழகிய திறமை. அழுத்தக் காற்றைச் சுவாசிப்பவருக்கு அதுவே எமன். 10 மீட்டரில் நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, அடக்கியபடி மேலே வந்தால், அக்காற்று இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஏறும்போது மூச்சு விட்டுக்கொண்டே வர வேண்டும். பாட்டனார் கற்றுத்தந்த பாடத்தைப் பேரன் மறந்தாக வேண்டியிருக்கிறது. அதைச் சொல்ல ஒருவர் அருகே இருக்க வேண்டும்.

காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பதையும் நாம் மறந்து பேசலாகாது. 28 நிமிடம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குபவர் அந்த நேரத்தில் ஒரு சங்கும் எடுப்பதில்லை. படகில் இயந்திரம் ஓடுகிறது, எண்ணெய் செலவாகிறது, அடுத்தவர் இறங்கக் காத்திருக்கிறார். ஆகவே இதை மூழ்குபவரின் அறியாமை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமாகாது. படகுடையாரும் சங்கு வாங்கும் வணிகரும் அந்த அரைமணி நேரத்தின் விலையைத் தம் கணக்கில் ஏற்றிக்கொண்டால்தான் தங்கல் நடைமுறைக்கு வரும்.

நோய் உடனே தெரிவதும் இல்லை. கரையேறி, குளித்து, உண்டபின் தோளிலோ முழங்கையிலோ வலி தொடங்கும். சிலருக்குத் தோலில் அரிப்பும் செம்புள்ளியும்; சிலருக்குக் காலில் மரத்தல், சிறுநீர் பிரியாமை. உழைப்பின் அலுப்பு என்றெண்ணி எண்ணெய் தேய்த்துவிடுவதும், வாயுப் பிடிப்பு என்று கஷாயம் கொடுப்பதும் மனித இயல்பே. வாயுப் பிடிப்பு என்பது சொல்லளவில் முற்றிலும் சரி, மருந்துதான் சரியன்று. மீண்டும் கடலில் இறக்கிவிட்டால் வலி தணியும் என்ற எண்ணமும் உண்டு. அரைகுறை ஏற்பாட்டோடு அவ்வாறு செய்தால் நோயாளி நீருக்கடியிலேயே மயங்கிவிடக்கூடும். செய்ய வேண்டியது, நோயாளியைப் படுக்கவைத்து, தூய பிராணவாயுவை முகமூடியால் இடைவிடாது கொடுத்து, நினைவு தெளிவாக இருந்தால் நீர் பருகக் கொடுத்து, அழுத்த அறையுள்ள மருத்துவமனைக்குத் தாமதமின்றிக் கொண்டு செல்வது. அங்கே 60 அடி ஆழத்துக்குச் சமமான அழுத்தத்தில் பிராணவாயு கொடுத்து மெல்ல இறக்குவார்கள். பரவலாக வழங்கும் முறையில் ஒரு சுற்றுக்கே ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முதல் சில மணிக்குள் தொடங்கினால் பெரும்பாலோர் நன்கு தேறுகிறார்கள். ஊர்ப் படகுகளில் ஐஸ் பெட்டி இருப்பது போல் ஒரு பிராணவாயு உருளையும் இருந்தால் அந்த முதல் மணி நேரம் வீணாகாது.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு இதில் நேரே தொடர்புடைய ஒன்றும் உண்டு. விடுமுறைக்கு அந்தமானுக்கோ புதுச்சேரிக்கோ சென்று, பயிற்சியாளர் துணையோடு கடலடியைக் கண்டு வரும் இளைஞர்கள் இப்போது பல வீடுகளில் இருக்கிறார்கள். மூழ்கிய அன்றே விமானம் ஏறித் தில்லிக்குத் திரும்பலாகாது. விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறக்குறைய 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட மலையில் உள்ளது போன்றது. உடலில் மிஞ்சிய நைட்ரஜனுக்கு அது இன்னும் ஓர் ஏற்றம். தங்கல் தேவைப்படாத அளவில் ஒரே முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் பன்முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் தரையிலேயே இருக்க வேண்டும் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. தங்கித் தங்கி ஏற நேர்ந்தவர்க்கு அதற்கும் மேல். கடற்கரையிலிருந்து அன்றே கொடைக்கானல் மலைக்குக் காரில் ஏறுவோர்க்கும் இது பொருந்தும். அவ்வூர் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பயணச்சீட்டு வாங்கும்போதே கடைசி நாளைக் கடற்கரையில் காலாற நடப்பதற்கென்று ஒதுக்கிவிடுவது நல்லது.